வாகனக் கழிவுநீரில் எண்ணெய் குறையவில்லை: பற்றீரியாத் தூளை மாற்ற வேண்டுமா?

கேள்வி (நானுஓயா)

வணக்கம். வாகனங்களைக் கழுவிச் சேர்விஸ் செய்யும் சிறிய நிலையமொன்றின் கழிவுநீர்த் தொட்டிகளைப் பராமரிக்கிறேன். நீர் முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும், பின்னர் காற்றூட்டும் தொட்டிக்கும் சென்று, அங்கிருந்து நேரே ஓடையில் விழுகிறது. எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியா என்று விற்கப்படும் தூளை ஒழுங்காக இட்டுவந்தும், ஆய்வு அறிக்கையில் எண்ணெயும் கிரீசும் லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவிலேயே நிற்கின்றன. ஆறு, ஓடை போன்ற உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடுவதற்கான உச்ச எல்லை 10 மில்லிகிராம் என்பதால், சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் இருக்கிறது. காலையில் தொட்டி நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். இங்குள்ள குளிர்தான் காரணமா?

பதில் (ஹட்டன்)

வெப்பநிலை 10 பாகை குறைந்தால் பற்றீரியாவின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ், ரொடோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்களில் குளிரிலும் இயங்கும் இனங்கள் உண்டு என்பதால், குளிரை மட்டும் குறைகூற முடியாது. வாகனம் கழுவிய நீரில் காபன் மிகுதி, பற்றீரியா வளரத் தேவையான நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்கப் பற்றீரியாவுக்கு வேண்டிய ஒட்சிசன்) 100 பங்கு என்றால் நைதரசன் 5, பொசுபரசு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். அந்தத் தேவை லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வந்தால், 1,000 லீற்றருக்கு யூரியா 33 கிராமும், பொசுபரசு உரமான டீஎஸ்பி (TSP) 15 கிராமும் போதும். தோட்டத்துக்குப் போடுவதுபோல் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மிகுதி ஓடையில் பாசியாக வளரும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. நீரில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 3 மில்லிகிராம், போதியளவு இருக்கிறது. ஆனால் காற்றூட்டும் தொட்டியிலும் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. எஞ்சின் கழுவக் கடுமையான கிரீஸ் நீக்கி பாவிக்கிறோம்.

பதில் (பண்டாரவளை)

அந்த நீக்கி எண்ணெயை நுண்துளிகளாக்கிவிடுவதால், அது மிதந்து பிரியாமல் முதல் தொட்டியைத் தாண்டிவிடுகிறது. வடித்த பழைய ஒயிலைப் பீப்பாவில் சேர்த்து, எஞ்சினைத் துணியால் துடைத்த பின்பே கழுவச் சொல்லுங்கள்.

இருப்பினும் பெரிய குறை வேறு. உங்கள் விவரப்படி, சேறு அடியில் தங்கும் படிவுத் தொட்டியே இல்லை. எஞ்சின் ஒயிலின் நீண்ட சங்கிலி ஐதரோக்காபன்களையும் வளைய வடிவானவற்றையும் சிதைக்கும் பற்றீரியாக்கள் மெதுவாகவே பெருகுபவை. குளிரில் இன்னும் மெதுவாக. அவை பெருகும் வேகத்தைவிட நீர் அடித்துச் செல்லும் வேகம் கூடுதலாக இருந்தால், எந்தத் தூளை இட்டாலும் அது நானு ஓயா வழியாகக் கொத்மலைப் பக்கம் போய்ச் சேரும். தூள் விற்பவருக்கு மட்டுமே அதில் லாபம். ஒரு படிவுத் தொட்டி கட்டி, அடியில் தங்கும், பற்றீரியா நிறைந்த சேற்றின் ஒரு பகுதியைக் காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்புங்கள். இடமில்லையெனில், பற்றீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் தாங்கிகளைத் தொட்டிக்குள் இடலாம்.

கேள்வி கேட்டவர்

இடம் குறைவு, தாங்கிகளையே இடுகிறோம். அடுத்த மாதிரியை எப்போது எடுக்கலாம்?

பதில் (பண்டாரவளை)

தாங்கிகளின் மேல் பழுப்பு நிற வழவழப்பான படை பிடித்த பிறகு எடுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் நேரடியாகப் பிடியுங்கள். பிளாஸ்டிக் போத்தலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால், அறிக்கை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.