கணினி காட்டும் பாதையை வைத்துத் தேரிக்காட்டில் தேடலாமா?

தேரிக்காட்டான்:
ஆதி மனிதர்கள் எந்த வழியாகப் பரவினார்கள் என்பதை இப்போது கணினியில் நடத்திப் பார்க்கிறார்கள். நிலத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மேடு, ஆறு, குடிநீர் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க எவ்வளவு சிரமம் என்று மதிப்புப் போட்டு, சிரமம் குறைந்த வழியைக் கணக்கிடுகிறார்கள். 2007-ல் ஜூலி ஃபீல்ட், பெட்ராக்லியா, மார்ட்டா லார் மூவரும் இந்தியாவுக்கு இதைச் செய்து, கடற்கரையும் உள்நாடும் கலந்த பல வழிகள் சாத்தியம் என்றார்கள். நம் திருநெல்வேலிச் சீமைக்கு இதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்கிறேன். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், கிடைத்த நுண்கற்கருவிகளைப் (மிகச் சிறிய கல் கருவிகள்) பற்றி 1956-லேயே சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்தப் பக்கம் இலங்கையின் பாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டு பழைய நுண்கருவிகள். நடுவில் இருக்கும் நம் கரையை யாரும் மிதிக்கவே இல்லையா?

பொருநைக்கரை:
மிதித்திருக்கலாம். ஆனால் அதைக் கணினி சொல்ல முடியாது. புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் நாமே குறித்துக் கொடுத்தால், நடுவில் ஒரு கோடு வராமலா போகும்? அப்புறம் எந்த நிலத்தில் நடத்துகிறீர்கள்? பலரும் எடுப்பது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து அளந்த உயர வரைபடம். அதில் பாபநாசம் அணையின் நீர்ப்பரப்பு சமதரை. நம் குளத்துக்கரைகள் எல்லாம் மேடு. இவையெல்லாம் பிற்காலத்தில் மனிதன் கட்டியவை, அன்றைய நிலம் இல்லை. சங்க காலத்தில் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இரண்டாயிரம் வருடத்திலேயே கரை இவ்வளவு நகர்ந்த ஊரில், 50,000 வருடத்துக்கு முந்தைய பாதையை எப்படி வரைவீர்கள்?

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, முதல் குறைக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் ஆஸ்திரேலியாவும் நியூகினியாவும் ஒட்டியிருந்த பழைய நிலத்துக்குச் செய்த ஆய்வில் எந்த முனையையும் குறிக்கவில்லை. எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் நடக்கவிட்டார்கள், 12,500 கோடிக்கும் மேல் பாதைகள். திரும்பத் திரும்ப வந்த தடங்களைப் பழமையான தொல்லியல் இடங்களோடு ஒப்பிட்டார்கள். கடல் விஷயமும் அப்படித்தான். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். கடலடி ஆழ வரைபடத்தையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

கோமதிசெல்வி:
ஒரு சந்தேகம். நடை வேகத்துக்குப் பெரும்பாலும் புவியியலாளர் டோப்ளரின் (Tobler) சூத்திரத்தைத்தான் போடுகிறார்கள். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், லேசான இறக்கத்தில் 6. சரிவை மட்டும்தான் பார்க்கும், காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. பாதை இல்லாத இடம் என்றால் அந்த வேகத்தை 0.6-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குதிரைமொழித் தேரியில் நடந்து பாருங்கள். கணுக்கால் வரை செம்மணல் இழுக்கும், ஏற ஏறச் சரியும், வெயிலில் பாதம் பொத்துப்போகும். இது கணக்கில் வருகிறதா?

பொருநைக்கரை:
சரியாகக் கேட்டீர்கள். அந்தத் தேரி அன்றைக்கு எங்கே இருந்தது, எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. இன்னொன்று, நுண்கருவி கிடைத்தது என்பது காலத்தைச் சொல்லாது. பல பத்தாயிரம் ஆண்டுகள் மனிதன் அதைச் செய்திருக்கிறான். மணல்துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று ஒளிர்வு முறையில் அளக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள். வயது தெரியாத கருவியோடு ஒப்பிட்டுப் பாதை சரி என்பது எனக்கு உடன்பாடில்லை.

தேரிக்காட்டான்:
வயது அளக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தேரிக்காட்டில் எங்கே குழி போடுவது? கருவி மேலே கிடந்த இடத்தில் மட்டுமே தோண்டிக்கொண்டிருந்தால், தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொள்வோம். மணலுக்கும் தனி மதிப்புக் கொடுத்துக் கணினியை ஓட்டுவோம். அது பாதை என்று சொல்லும் இடத்தில் சில குழி, யாரும் போயிருக்க மாட்டார்கள் என்று சொல்லும் இடத்திலும் அதே எண்ணிக்கையில் குழி. தோண்டுவதற்கு முன்பே வரைபடத்தை வெளியிட்டுவிட வேண்டும். முதல் வகைக் குழிகளில் வெறும் மணல்தான் வந்தாலும் அதையும் எழுத வேண்டும். இதற்குச் சம்மதமா அண்ணாச்சி?