அக்கா மகனுக்கு டூஷேன், எனக்கு ‘மாற்றம் இல்லை’ என்று ரிப்போர்ட்: நம்பலாமா?

சின்னவள்:
அக்கா மகனுக்கு 6 வயது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறான். பிசிஆர் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) செய்து பார்த்ததில் டூஷேன் தசைச் சிதைவு என்று உறுதியாகிவிட்டது: டிஎம்டி என்ற மரபணுவில் 48 முதல் 50 வரையான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள்) இல்லை. நாங்கள் இப்போதுதான் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். அதனால் நானும் ரத்தம் கொடுத்தேன். அந்த 3 எக்ஸான்களையும் சாங்கர் முறையில் படித்துப் பார்த்துவிட்டு ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) அளவும் நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

பெஞ்ச்வாசி (மரபணு ஆய்வக வேலை):
இந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்மா. பையனுக்கு இருப்பது ஒரே எக்ஸ் குரோமோசோம். அதில் அந்த எக்ஸான் இல்லையென்றால் பிசிஆருக்குப் பிடிமானமே கிடையாது, ஜெல்லில் அந்தப் பட்டை விழாது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உங்களுக்கோ எக்ஸ் இரண்டு. ஒன்றில் துண்டு விழுந்திருந்தாலும் மற்றது முழுசாக இருக்கும். பிசிஆர் அதைப் பிடித்து நகலெடுத்துத் தள்ளிவிடும். சாங்கரும் அந்த நல்ல பிரதியைத்தான் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுத்திருக்கிறது. ‘மாற்றம் இல்லை’ என்று வராமல் வேறென்ன வரும்? கேள்வியே தப்பு. எழுத்து சரியா என்று பார்த்திருக்கிறார்கள், பிரதி ஒன்றா இரண்டா என்று எண்ணவில்லை.

எண்ணுவதற்கு எம்எல்பிஏ என்ற சோதனை. ஒவ்வொரு எக்ஸானுக்கும் இரண்டு அரைத் துண்டு புரோப் (அந்த இடத்தைத் தேடி ஒட்டும் சிறு டிஎன்ஏ) போடுவோம். இரண்டும் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் லைகேஸ் என்ற நொதி அவற்றை ஒட்டும். ஒட்டியது மட்டும்தான் பெருகும். பிறகு கேபிலரி என்ற மெல்லிய குழாயில் ஓட்டினால் எக்ஸானுக்கு ஒரு சிகரம் எழும். நார்மல் பெண்ணோடு ஒப்பிட்டு உயரம் 1 என்றால் இரண்டு பிரதி, 0.5 பக்கம் இறங்கினால் ஒரு பிரதி. டிஎம்டியின் 79 எக்ஸான்களையும் இப்படிப் பார்த்துவிடலாம். கேரியராக (ஒரு எக்ஸில் மட்டும் இந்த நீக்கத்தைச் சுமப்பவராக) இருந்தால் 48, 49, 50 மூன்றும் பாதியில் நிற்கும், இரு பக்கமும் முழு உயரம். படிக்கட்டில் பள்ளம் விழுந்தாற்போல் இருக்கும்.

சிகே நார்மல் என்பதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். கேரியர் பெண்கள் பலருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும்.

வழிப்போக்கன்:
எதுக்கு சார் இந்தப் பழைய முறையெல்லாம்? எக்ஸோம் சீக்வென்சிங் (எல்லா மரபணுக்களின் எக்ஸான்களையும் படிப்பது) ஒரே அடியாகச் செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே.

பெஞ்ச்வாசி:
‘எல்லாம்’ தெரியாது சார். எக்ஸோம் எழுத்து மாற்றங்களைப் பிடிப்பதில் கெட்டி. எக்ஸான் போனதை ரீட் (படித்த துண்டு) எண்ணிக்கை குறைவதை வைத்து ஊகிக்க வேண்டும். கேரியரிடம் அது பாதிதான் குறையும், நழுவ வாய்ப்பு உண்டு. அப்படியே சிக்கினாலும் எம்எல்பிஏவில் உறுதி செய்வது வழக்கம். குடும்பத்தில் எது உடைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் நேராகத் தேடுவதே புத்திசாலித்தனம்.

எம்எல்பிஏவும் கடவுள் இல்லை. ஒரே ஒரு எக்ஸான் மட்டும் குறைந்து வந்தால் நான் சந்தேகப்படுவேன். புரோப் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்படிக் காட்டும். வேறு முறையில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இவர்கள் வீட்டில் அடுத்தடுத்து 3 என்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

சின்னவள்:
ரொம்ப நன்றி அண்ணா. அம்மாவுக்கு மட்டும் எம்எல்பிஏ செய்து, அவருக்கு நார்மல் என்று வந்தால் நான் தப்பித்தேன், இல்லையா?

வெண்கோடு (மரபியல் ஆலோசகர்):
இல்லைங்க. அம்மாவின் ரத்தத்தில் இல்லாமல் கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் அந்த நீக்கம் இருக்கலாம். மொசைக் என்போம். டூஷேனில் இது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. முதலில் அக்காவைச் சோதியுங்கள். டூஷேன் பையன்களின் தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கேரியர். மீதிப் பேரிடம் மாற்றம் பையனில் புதிதாக வந்தது. அக்காவின் ரத்தத்தில் இல்லையென்றால் உங்களுக்கு இந்த வழியில் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அக்கா இனி கருத்தரித்தால் அப்போதும் சோதிக்கத்தான் வேண்டும், அவருக்கும் அதே மொசைக் கதை பொருந்தும். அக்கா கேரியர் என்று வந்தால், அம்மாவின் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் நீங்கள் உங்கள் ரத்தத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நீங்களும் கேரியரென்றால் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் 50% வாய்ப்பு. கர்ப்பத்துக்கு முன்பே இது தெரிந்திருந்தால் 11 வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

பெஞ்ச்வாசி:
அதேதான். அக்கா, பையன், நீங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் ஒன்றாகக் கொடுங்கள். மூன்றிலும் ஒரே முறையில் டிஎன்ஏ பிரித்து ஒரே ரன்னில் ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிகர உயரங்கள் தாறுமாறாக ஆடும். ஊதா மூடி, இடிடிஏ ட்யூப். ஹெபாரின் போட்ட பச்சை மூடி வேண்டாம், ஹெபாரின் பிசிஆரைக் கெடுத்துவிடும்.