போதைக் கடத்தலுக்கும் பயங்கரவாதத்துக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

ராயபுரம் சேகர்:
பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம், போடுவதுதான் பிழைப்பு. எந்தப் பொட்டலம் பிடிபட்டாலும் டிவியில் 'நார்கோ டெரரிசம்' என்று கத்துகிறார்கள். எங்கள் தெருமுனையில் கஞ்சா விற்கிறவனுக்கும் லஷ்கர்-இ-தொய்பா பயங்கரவாத அமைப்புக்கும் என்ன சம்பந்தம்? சேனல்காரர்கள் ஊதிப் பெரிசாக்குகிறார்களா?

பழைய சுங்கம்:
தெருமுனைக்காரனை விடுங்கள் தம்பி, நம் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்களில் கிட்டத்தட்ட 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. பேப்பரில் ஆப்கானிஸ்தான் டால்க் கல், ஏற்றியது ஈரானின் பந்தர் அப்பாஸில். இறக்குமதி கம்பெனியின் முகவரி விஜயவாடா. ஒரு தம்பதி கைதானது நம் சென்னையில். விஜயவாடா பார்ட்டிக்குக் கிழக்குக் கரையில் இத்தனை துறைமுகம் இருக்க, சரக்கு ஏன் குஜராத்தில் இறங்குகிறது? பில் போடுகிறவனுக்கு முதலில் உறுத்த வேண்டியது அதுதான். விற்ற பணம் லஷ்கருக்குப் போக இருந்தது என்பது தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏவின் குற்றச்சாட்டு.

காசிமேட்டான்:
அதே வருஷம் மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய் பக்கம் கடலோரக் காவல்படை மடக்கிய இலங்கைப் படகை மறந்துட்டீங்களே. 300 கிலோ ஹெராயின், கூடவே ஐந்து ஏகே-47, ஆயிரம் தோட்டா. பவுடர் வரும் வழியில் துப்பாக்கியும் வரும், அவ்வளவுதான். அந்த வழக்கில் வளசரவாக்கத்தில் பிடிபட்டவர் முன்னாள் புலி என்றது என்ஐஏ. உடனே முகாமில் இருக்கிற ஈழத்தமிழர்களை எல்லாம் சந்தேகப்பட ஒரு கூட்டம் கிளம்பியது. அது அநியாயம்.

ஹைகோர்ட் வராண்டா:
சேகர் சார் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஹெராயின் 250 கிராமைத் தாண்டினாலே என்டிபிஎஸ் என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குறைந்தது 10 வருஷம் ஜெயில். அதற்காக அது பயங்கரவாத வழக்கு ஆகிவிடாது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவின் 17-வது பிரிவுக்கு, பணம் பயங்கரவாதச் செயலுக்குப் போகும் என்று தெரிந்தே திரட்டியதாகக் காட்ட வேண்டும். ஹவாலாவில், அதாவது வங்கிக்கு வெளியே, கைமாறிய காசுக்கு ரசீதா இருக்கும்? சரக்கைப் பிடிப்பதைவிட அந்தக் காசைத் துரத்துவதுதான் கஷ்டம்.

ராயபுரம் சேகர்:
சரி, புரிகிறது. இப்போது ஒரு பார்ட்டி, தனக்கு ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) இல்லை, வேறொருவர் ஐஇசியில் சரக்கு எடுத்தால் கமிஷன் தருகிறேன் என்கிறார். மார்பிள்தானாம்.

பழைய சுங்கம்:
மார்பிளோ மாவோ, அந்த பைலைத் தொடாதீர்கள். ஐஇசி, ஜிஎஸ்டி நம்பர், சொன்ன முகவரியில் பார்ட்டி இருக்கிறாரா என்று சரிபார்ப்பது 2018 கஸ்டம்ஸ் ஏஜெண்ட் லைசென்ஸ் விதிப்படி ஏஜெண்ட்டின் பொறுப்பு. உங்கள் முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.