குளோபல் ஹாக்: வளிமண்டல ஆய்வுக்கு அவ்வளவு பெரிய விமானம் தேவையா?

தணிக்கையாளர்:
அமெரிக்க ராணுவத்தின் உளவு விமானமான குளோபல் ஹாக்கைப் பெற்று, 2010 முதல் வளிமண்டலத்தை ஆராயப் பறக்கவிட்டது நாசா. ஆளில்லா விமானம் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். விமானத்தில்தான் ஆள் இல்லை. தரையில் கட்டுப்பாட்டு அறை நிறைய ஆட்கள், அதுவும் முறை வைத்து! விமானி ஓட்டும் நாசாவின் ஈஆர்-2 ஆய்வு விமானம் ஏற்கெனவே சுமார் 21 கி.மீ. உயரம் வரை போகிறது. பிறகு இது எதற்கு?

மேகவண்ணன்:
அழுத்த உடையை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக ஈஆர்-2 விமானி எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? குளோபல் ஹாக் 24 மணி நேரம் பறக்கும். 2014இல் குவாம் தீவிலிருந்து அட்ரெக்ஸ் என்ற திட்டத்துக்காக அதை அனுப்பினார்கள். வெப்பமண்டலப் பசிபிக்கின் மேல், ஏறத்தாழ 14 முதல் 18 கி.மீ. வரை உள்ள அடுக்கில் கடுங்குளிர். மேலேறும் காற்றின் ஈரம் அங்கே பெரும்பாலும் உறைந்து கழிந்துவிடுகிறது. மிச்ச நீராவிதான் அதற்கு மேலுள்ள அடுக்குமண்டலத்துக்குள் (ஸ்ட்ராடோஸ்பியர்) நுழைகிறது. அது கொஞ்சம் கூடினாலும் தரையின் வெப்பநிலை மாறும். அந்த அடுக்குக்குள்ளேயே ஏறி இறங்கி அளந்தது இந்த விமானம்.

தணிக்கையாளர்:
நீராவியை நாசாவின் ஆரா செயற்கைக்கோள் 2004 முதலே அளக்கிறதே.

மேகவண்ணன்:
அளக்கிறது, அந்த உயரத்தில் ஏறத்தாழ 3 கி.மீ. தடிமனைச் சேர்த்து ஒரே எண்ணாக. மொத்த அடுக்கே நான்கு கி.மீ.தான் ஐயா! அதற்குள் இருக்கும் மெல்லிய பனிமேகத்தை அதில் எங்கே தேடுவது?

கடலோடி:
நீராவியை விடுங்கள், புயலுக்கு வாருங்கள். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள வாலப்ஸ் தளத்திலிருந்து இதே விமானம் அட்லாண்டிக் புயல்களுக்கு மேல் பறந்து, சின்னப் பாராசூட் கட்டிய அளவிக் குழாய்களைப் போட்டது. கடல் வரை விழும்போதே காற்றையும் ஈரத்தையும் சொல்லும் கருவி அது. ஆனால் உயர்ந்த இடிமேகங்களுக்கு நேர் மேலே போக விமானத்துக்குக் கட்டுப்பாடு. பி-3 என்ற புயல் ஆய்வு விமானத்தில் மனிதர்கள் புயலின் கண்ணுக்குள்ளேயே போய் வருகிறார்கள்.

மேகவண்ணன்:
போய் வரட்டும். கரைக்கு எட்டாத நடுக்கடலில் புயல் உருவாகும்போது பி-3 எவ்வளவு நேரம் அங்கே நிற்கும்?

தணிக்கையாளர்:
அவ்வளவு பயனுள்ளது என்றால் நாசா ஏன் கைவிட்டது?

மேகவண்ணன்:
பறக்கவிடும் செலவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அதே ரக விமானங்களை இப்போது ஹைப்பர்சோனிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் அதிக வேகம்) ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க மாற்றியமைக்கிறார்கள். அந்தக் கணக்கையும் ஒருமுறை தணிக்கை செய்யுங்களேன்.