ஜீப்பில் காற்றுக் கம்பிரஷரை நிரந்தரமாகப் பொருத்துதல்: தாங்கியும் வேண்டுமா?

நோர்வூட் ஜீப் (கேள்வி)
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 235/75 ஆர் 15 டயர் பூட்டிய பழைய டீசல் ஜீப் ஒன்று உள்ளது. மழைக்காலத்தில் மேற்பிரிவுத் தோட்டப் பாதையின் கற்களிலும் களியிலும் ஏறுவதற்காக டயர்க் காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ (அழுத்த அலகு) வரை இறக்குகிறேன். அதே காற்றுடன் தார் வீதியில் கினிகத்தேனை வளைவுகளை எடுப்பது ஆபத்து என்பதால், காற்றடிக்கும் இடம் வரும்வரை ஊர்ந்துதான் செல்ல வேண்டியிருக்கிறது. சிகரட் லைட்டரில் செருகும் சிறிய கம்பிரஷர் ஒரு டயர் முடிவதற்குள் கொதித்துவிடுகிறது. பொனட்டுக்குள் நிரந்தரமாக ஒன்றைப் பொருத்த எண்ணுகிறேன். காற்றைச் சேமித்து வைக்கும் 9 லீட்டர் தாங்கியும் வேண்டும் என்கிறார் ஒருவர். பழைய ஏசி கம்பிரஷரை மாற்றியமைத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். எது பொருத்தமானது?

ஹட்டன் கராஜ்
ஐயா, தாங்கியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் டயர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 60 லீட்டர். அதை 18இலிருந்து 30க்கு உயர்த்த வெளிக்காற்றில் சுமார் 50 லீட்டர் உள்ளே செல்ல வேண்டும். 120 பி.எஸ்.ஐ நிரம்பிய 9 லீட்டர் தாங்கி, 30க்கு இறங்கும்வரை தரக்கூடியது 55 லீட்டர் அளவுதான். முதல் டயருடன் அது தீர்ந்துவிடும், மற்ற மூன்றையும் கம்பிரஷர்தான் நிரப்பியாக வேண்டும். ரிம்மிலிருந்து கழன்ற டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்க வேண்டுமானால் மட்டும் தாங்கி உதவும். பெட்டியில் அச்சிட்ட 150 பி.எஸ்.ஐயைப் பார்த்து வாங்காதீர்கள்; 30 பி.எஸ்.ஐயில் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் தருகிறது, எவ்வளவு நேரம் இடைவிடாது ஓடலாம் என்பவற்றைக் கேளுங்கள்.

ஏசி கம்பிரஷர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலானவற்றில் எண்ணெய், குளிரூட்டும் வாயுவுடன் சேர்ந்தே சுற்றி வருகிறது. வெறும் காற்றை இழுக்க விட்டால் உள்ளுறுப்புகள் உலர்ந்து இறுகிவிடும்.

பண்டாரவளை வயரிங்
முதலில் ஜீப்பின் மின்சாரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள், ஏனெனில் பழைய ஜப்பானிய டீசல் வாகனங்கள் சில 24 வோல்ட்டில் வந்தவை. பெரிய கம்பிரஷர் 30 அம்பியர் வரை இழுக்கும். லைட்டர் துளைக்கான பியூஸ் வழக்கமாக 10 முதல் 15 அம்பியர்தான். ஆகவே பெற்றரியிலிருந்தே நேரடி வயர் எடுத்து, பெற்றரி முனைக்கு மிக அருகில் 40 அம்பியர் பியூஸும், அடுத்து ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஆளி) பொருத்துங்கள். டாஷ்போர்ட் ஆளி ரிலேயை மட்டும் இயக்கட்டும். பொனட்டுக்குள் குறுகிய தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் போதும், பின்பக்கம் கொண்டுபோனால் 10 தேவை. காற்றடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும்.

புகைக்குழாய்ச் சூடு படாத, ஓடையைக் கடக்கும்போது நீர் எட்டாத உயரமான இடமே நல்லது. கம்பிரஷரை விட்டு வெளிவரும் காற்று கடுமையாகச் சுடும் என்பதால், முதல் துண்டுக்கு உலோகப் பின்னல் போர்த்திய ஹோஸையே பயன்படுத்துங்கள்.

நுவரெலியாவிலிருந்து
நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே கம்பிரஷர் இங்கே கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும். கொழும்பில் 30 நிரப்பி வருபவருக்கு வெளியழுத்தக் குறைவால் மானி 3 கூடிக் காட்ட வேண்டும். ஆனால் வெப்பநிலை 15 பாகை இறங்குவது 2 பி.எஸ்.ஐக்கு மேல் குறைத்துவிடுவதால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

நான்கு டயர்களுக்கும் ஒரே நேரத்தில் செல்லும் கிளை ஹோஸ் ஒன்றையும் செய்துகொள்ளுங்கள். நக்கிள்ஸ் பக்கம் மழையில் ஒவ்வொரு டயரருகிலும் குந்தியிருந்தால் அட்டைகளுக்குத்தான் விருந்து. அழுத்தத்தை அளப்பதற்கு முன் கம்பிரஷரை நிறுத்துங்கள், ஓடும்போது ஹோஸிலுள்ள மானி டயரின் உண்மையான அளவைவிடக் கூட்டியே காட்டும்.