டெலீட், ரிமூவ், எரேஸ்: 'நீக்கு' ஒன்றே போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

டெலீட், ரிமூவ், எரேஸ் என்ற மூன்று கணினிக் கட்டளைகளுக்கும் தமிழில் 'நீக்கு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் அக்கா கைபேசியில் ஓர் ஆல்பத்திலிருந்து மட்டும் சில படங்களை எடுத்துவிட நினைத்து 'நீக்கு' என்பதைத் தொட்டார். படங்களே போய்விட்டன. அந்தச் செயலியில் ரிமூவ், டெலீட் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ரிமூவ் செய்தால் அந்தப் பொருள் அழியாமல் இருக்கும், அது இருந்த இடத்தை விட்டு மட்டும் போகும். பாட்டுப் பட்டியலிலிருந்து ஒரு பாட்டை எடுத்தாலும் பாட்டுக்கோப்பு அப்படியே இருக்கிறது. டெலீட் என்றால் கோப்பே போகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் 'ஆர்எம்' (rm) கட்டளை ரிமூவ் என்பதன் சுருக்கம். பெயர் பொருத்தம்தான்: அது அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) கோப்பின் பெயரை எடுக்கிறது, அதே கோப்புக்கு இன்னொரு பெயர் இருந்தால் கோப்பு பிழைத்துக்கொள்ளும்.

இதைப் பிரித்தறிய நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று நீங்கல். 'மலையின் வீழ் அருவி' என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அருவி மலையை விட்டு நீங்குகிறது. மலையும் இருக்கிறது, அருவியும் இருக்கிறது. ஆகவே 'எதிலிருந்து?' என்று கேட்டால் விடை வரும் இடத்தில் 'நீக்கு' போடலாம்: குழுவிலிருந்து நீக்கு. அந்தக் கேள்விக்கே வேலையில்லாத இடத்தில் 'அழி': கோப்பை அழி. இந்தச் சொல் பயமுறுத்துகிறது என்கிறார்கள். பயந்து ஒரு நொடி நிற்க வேண்டிய இடம்தானே அது!

எரேஸ்தான் கொஞ்சம் சிக்கல். எரேசரை 'அழிப்பான்' என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் 'அழி' அதற்கே உரியது என்று தோன்றும். ஆனால் வன்தட்டில் ஒரு கோப்பை டெலீட் செய்தால் தரவு பொதுவாக உடனே போவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் எடுத்துவிட முடியும். எரேஸ் அந்தத் தடத்தையும் விடாமல் போக்குவது. லத்தீனில் அதன் வேர்ப்பொருளே சுரண்டி எடுத்தல். அதற்கு 'துடைத்தழி' என்று முன்மொழிகிறேன். பொத்தானில் அடங்கும், கேட்டதும் புரியும்.

கிளியருக்கு 'காலி செய்' போதும். அப்புறம், அன்இன்ஸ்டாலுக்குப் புழங்கும் 'நிறுவல் நீக்கு' சரியாகவே இருக்கிறது. செயலி கணினியிலிருந்து நீங்குகிறது, வேண்டுமானால் மறுபடி நிறுவலாம். அதை மாற்ற வேண்டாம்.