மறு: மிடி கோப்புக்கு ‘சுரத்தடம்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மிடி (MIDI) கோப்புக்கு, அதாவது கருவி இசைக்க வேண்டியதைக் குறிப்புகளாக வைத்திருக்கும் கணினிக் கோப்புக்கு, ‘சுரத்தடம்’, பதிவு செய்த பின்னணி இசைக்கு ‘ஒலித்தடம்’ என்று ஐயா போன மடலில் முன்வைத்திருந்தார். ஒலித்தடம் அருமையான சொல், அப்படியே வைத்துக்கொள்ளலாம். சுரத்தடம்தான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு கல்யாணக் கச்சேரி, பின்னணிக்கு மிடி கோப்பு. பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. “5 கட்டை எட்டாதுண்ணா, நாலரைக்கு இறக்கிடுங்க” என்றார் (கட்டை என்பது சுருதியின் அளவு). மேடையேற 10 நிமிடம்தான் இருந்தது. கோப்பில் கருவிகளுக்குத் தனித்தனியாக உள்ள எல்லா சேனலையும் மொத்தமாக அரைக் கட்டை இறக்கினேன். வயலினும் பேஸும் ஒழுங்காக இறங்கின. ஸ்னேர் டிரம் விழ வேண்டிய இடத்தில் மட்டும் ‘டொக் டொக்’ என்று குச்சிச் சத்தம்.

1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது எண் முறைப்படி 10ஆவது சேனல் தாளக் கருவிகளுக்கு. மற்ற சேனல்களில் 60 என்ற எண் நடு ‘சி’ சுரம். 10இலோ 38 என்றால் ஸ்னேர், 37 என்றால் குச்சியால் விளிம்பில் தட்டும் ஓசை. அரைக் கட்டை இறக்கியதில் 38 என்பது 37 ஆகிவிட்டது. அங்கே எண் கருவியைத்தான் சுட்டுகிறது, சுரத்தை அல்ல. ‘சுரத்தடம்’ என்று பெயர் வைத்தால் புதிதாக வருபவர் நான் செய்த தவற்றையே செய்வார்.

மிடி கோப்பில் ஒலியே கிடையாது. வாசித்தவர் எந்த நோட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்பதுதான் இருக்கிறது. அதாவது, வாசிப்பு. கீபோர்டு, புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாவற்றையும் நாம் ‘வாசிக்கிறோம்’. ஆகவே என் பரிந்துரை: வாசிப்புத் தடம். படிப்பது என்ற பொருளோடு குழம்பாதா என்று கேட்கலாம். கருவி இந்தக் கோப்பைப் படித்துத்தானே இசைக்கிறது, இரண்டு பொருளும் பொருந்துகின்றன. ‘மிடி’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: தமிழில் மிடி என்றால் வறுமை.

கச்சேரிக்கு இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இந்தச் சொற்களிலேயே விளங்கிவிடும். சுருதி, வேகம், ஒரு நோட்டு என எதை மாற்ற வேண்டுமென்றாலும் வாசிப்புத் தடம். ஆனால் ஒலி நம் கீபோர்டின் ஒலிதான். ஜெனரல் மிடியின் 128 வாத்தியங்களில் சித்தாரும் ஷெனாயும் உண்டு, வீணை இல்லை. தாளக் கருவிப் பட்டியலில் மிருதங்கமும் இல்லை. மிருதங்கச் சொற்கட்டும் நாகஸ்வரக் கமகமும் உயிராக நிற்கும் பாட்டுக்கு நான் ஒலித்தடத்தைத்தான் எடுப்பேன். அரைக் கட்டை ஏற்றி இறக்குவதை அது தாங்கும். இரண்டு மூன்று கட்டை நகர்த்தினால் நாதம் கெட்டுவிடும்.

சொற்பட்டியலில் ஏற்றும் முன் தாளக் கருவி வாசிப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.